கோச்சை வீட்டுக்கு அனுப்புங்க!

ரேடியோவில் நேயர்களோடு பேசும் நிகழ்ச்சியை நடத்தும் டெல்மர் போனை எடுத்ததுமே ஒரு பெண் கத்தினாள்.

“அந்தக் கோச்சை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க!”

முந்தின நாள்தான் பாக்ஸ்டன் கல்லூரி, பரம எதிரியான ரிட்லி கல்லூரியிடம் அமெரிக்கக் கால்பந்தில் தோற்றிருந்தது. விடிந்ததிலிருந்து அந்த அலபாமா ஊரே ரேடியோவுக்குப் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தது.

“பொறுங்கம்மா, ஒரு மேட்ச்தானே?”

“ஒண்ணா? ரிட்லிகிட்ட வரிசையா மூணு வருஷம்! பந்தோட ஓட வேண்டிய நேரத்துல எறியச் சொல்றான். மூளை இருக்கா அந்த ஆளுக்கு?”

“அப்படிப் போடுங்க! இவ்வளவு நறுக்குன்னு யாருமே திட்டலை. உங்க பேரு?”

“மேபிள்” என்று பொய் சொல்லிவிட்டு லுரீன் போனை வைத்தாள்.

திரும்பினால், சமையலறை வாசலில் அவள் கணவன் வாலஸ். பன்னிரண்டு வருஷமாக பாக்ஸ்டனின் கோச். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தான்.

லுரீனுக்கு முகம் வெளிறியது.

“வாலஸ்... நீ என்கூட உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு? அதான்...”

அவன் தன் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

“உனக்கு மட்டும் எப்படி லைன் கிடைச்சுது? இதையே சொல்லத்தான் நானும் காலையிலேர்ந்து போட்டுக்கிட்டிருக்கேன்!”