காற்றாலைக்கு எதிரி

"காற்றாலை வந்தா என் மாடுங்க எப்படித் தூங்கும், அம்மணி?" ஊர்க்கூட்டத்தில் விவசாயி அக்செல் எழுந்து கத்தினார்.

டென்மார்க்கின் அந்தச் சின்னத் தீவுக்கு மின்திட்டம் போடும் டோர்தே அசரவில்லை. "உங்க டிராக்டர் சத்தத்துலயே தூங்குதே!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"ரிப்பேர் ஆனா யார் தலையில விழும்?"

"பங்கு போடுற எல்லார் தலையிலயும்தான். லாபமும் எல்லாருக்கும்தான்!"

காபி ஆறியும் இருவரும் விடவில்லை. கடைசியில் காற்றாலைக்கு ஆதரவாகத் தீவே கை தூக்கியது, அக்செலும் வேண்டாவெறுப்பாக.

டோர்தே வெளியே வந்தபோது அக்செல் காரைக் கிளப்பிக் காத்திருந்தார்.

"போன தடவை நான் தனியா பேசினப்ப நாலு பேர்கூட வரல" என்றபடி ஏறிக்கொண்டாள்.

"நாம மோதினா கூடத்துல நிக்க இடமிருக்காதுன்னு சொன்னேன்ல?"

"அடுத்து சோலார் கூட்டம். ஒத்திகை பார்க்கணுமா?"

"ஒத்திகையா? கல்யாணம் ஆனதுலேருந்து நம்ம வீட்டுல தினமும் அதானே நடக்குது!"