சாம்பிராணி வாசனை

தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் கிளம்பும் வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டைபோல நாறும். அதிகமானால் நாற்றமே தெரியாது. முதலில் மூக்கைத்தான் அது கொல்லும். அதனால் ராணிப்பேட்டையில் தொட்டி வேலைக்குச் சேர்கிறவர்களின் மூக்கினுள் கடுகளவு மணி ஒன்றைப் பதித்தார்கள். வாயு ஏறினால், அவரவர் சொல்லிவைத்த வாசனையை மணி மூக்கில் எழுப்பும்.

"தூக்கத்துலகூட உனக்குத் தெரியற வாசனை எது?" என்று வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டபோது அமுலுவுக்குக் கல்யாணமாகியிருக்கவில்லை. "சாம்பிராணி" என்றாள்.

"அந்த வாசனை வந்தா மூச்சை அடக்கு. கையில இன்னா இருந்தாலும் போட்டுட்டு, காத்து வர்ற பக்கமா ஓடு. யோசிச்சவன் எவனும் வெளிய வரல" என்றார் மேஸ்திரி. திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பழக்கினார். இரண்டு முறை அமுலு பிழைத்தது அந்தப் பழக்கத்தால்தான்.

குழந்தை பிறந்தபின்னும் அவள் வீட்டில் சாம்பிராணி வாங்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் கஸ்தூரிக்கு அது தெரியாது. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி, தான் கொண்டுவந்திருந்ததைக் கொல்லையில் புகைபோட்டுக் காட்டிவிட்டு, வாசலில் துவைத்துக்கொண்டிருந்த அமுலுவிடம் தூக்கி வந்தாள்.

"முடி நல்லா காஞ்சிடுச்சி அண்ணி. மோந்து பாருங்க."

அமுலு ஈரக் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, துவைக்கிற கல்லருகே நின்றபடி குழந்தையை வாங்கினாள். உச்சந்தலையில் முகத்தைப் புதைத்தாள்.

தெருமுனையில்தான் அவள் மூச்சு விட்டாள். கைகள் காலியாக இருந்தன. பின்னால் கஸ்தூரியின் அலறல் மட்டும் கேட்டது.