ஆஜர்

ஓய்வூதியத்தை நெருங்கிவிட்ட சிப்பாயை எந்தக் காரணத்துக்காகவும் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, ஹவில்தார் தணிகாசலத்தின் மனைவி அம்சவேணி தெருவுக்கே கேசரி கிளறிக் கொடுத்தாள். இப்போது அதே சட்டம் அவள் கழுத்தை நெரித்தது.

கண்ணிவெடியில் சிக்கிய தணிகாசலத்துக்கு உயிர் மட்டும்தான் மிச்சம். கண் திறக்கவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன் என்று ராணுவ ஆஸ்பத்திரியில் அவள் கெஞ்சாத ஆளில்லை.

"ஏழு மாச சர்வீஸ் பாக்கி இருக்கும்மா. அதுவரைக்கும் அவரை யாரும் வெளியில அனுப்ப முடியாது," என்றார் அவன் படைப்பிரிவின் சுபேதார்.

"ஏழு மாசம் இங்கயே கெடக்கட்டும் சார். அப்புறம் உட்டுடுவீங்கல்ல?"

"படுக்கையில இருக்கிற நாள் கணக்குல சேராதும்மா. காலையில அணியில நின்னு, பேரைக் கூப்பிட்டா ஆஜர்னு குரல் குடுக்கணும். அப்பதான் ஒரு நாள்."

மறுநாள் விடிந்ததும் அவள் கணவனுக்குச் சீருடை மாட்டினாள். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டாள். பெல்ட்டுகளால் அவனைக் கட்டிலோடு இறுக்கி, அணிவகுப்பு மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், அணியின் கடைசியில் கட்டிலை நிமிர்த்தி நிறுத்தினாள்.

"ஹவில்தார் தணிகாசலம்."

சுபேதார் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார். அம்சவேணி இரண்டு கைகளாலும் கணவனின் நெஞ்சை அழுத்தினாள். அவன் தொண்டையிலிருந்து காற்று கரகரவென்று வெளியே வந்தது.

சுபேதார் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆஜர் என்று குறித்துக்கொண்டார்.

வார்டுக்குத் திரும்பியதும் நர்ஸ் அவன் பூட்ஸைக் கழற்ற வந்தாள்.

"இருக்கட்டும்," என்றாள் அம்சவேணி. "நாளைக்கும் போகணும்."