பாசிக்கு யார் காரணம்?

"டப்பா என் டிராயர்ல பூட்டியிருக்கு. சாவி என் சட்டைப் பையில இருக்கு. அப்புறம் எப்படி மீனுக்கு இத்தனை தீனி போகுது?"

பல் டாக்டர் கத்திய கத்தலில், காத்திருந்த ஒரே நோயாளி வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டு வாங்கியவள் வரவேற்பு மேஜையில் இருந்த டாக்டரின் கொழுந்தியாள். ஒரு வருஷமாக அங்கே டோக்கன் கொடுப்பதும் போன் எடுப்பதும் அவள்தான்.

"நான் போடலை அத்தான். சொன்னதையே எத்தனை தடவை சொல்றது?"

அன்று காலையிலிருந்து கிளினிக்கில் வைத்தியம் நடக்கவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சின்னக் கடல்நீர்த் தொட்டியைக் காலி செய்து, பவளம், பாறை, மீன் எல்லாவற்றையும் பெரிய தொட்டிக்கு மாற்றும் வேலைதான் நடந்தது. தொட்டிக்காரர் பழைய உப்புத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து, பாறைகளை அதிலேயே முக்கி, தலைமுடி போல் மண்டியிருந்த பச்சைப் பாசியை டூத்பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தார். பிரஷ்ஷுக்கு அந்த இடத்தில் பஞ்சமில்லை.

"ஊரார் பல்லையெல்லாம் பளபளன்னு ஆக்கறீங்க. உங்க பாறை பல்லு விளக்கி வருஷக்கணக்காச்சு போலிருக்கே டாக்டர்" என்றார் அவர். டாக்டர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் புதுத் தொட்டி நிரம்பி, விளக்கும் எரிந்தது. உள்ளே விட்ட ஆறு மீன்களும் புது இடத்தில் மிரண்டு ஒரு மூலையில் ஒண்டின. தொட்டிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இப்பவே சொல்லிடறேன். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். மேல போனா மீன் திங்காதது மக்கி, அத்தனையும் பாசியாத்தான் வரும். தொட்டி என்ன, குளமே வெட்டினாலும் வரும். அப்புறம் பவளம் செத்துப் போச்சுன்னு என்னைக் கூப்பிடாதீங்க."

அவர் டிரம்களை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் டாக்டர் ஆரம்பித்ததுதான் இந்தக் கத்தல்.

"காலையில ஒரு சிட்டிகை நான் போடறேன். மிச்சத்தைப் போடறது யாரு, பேயா பிசாசா? சேர்ந்த வாரமே பிஸ்கட்டைப் பொடிச்சுப் போட்டவ நீதானே?"

"ஒரே ஒரு தடவை. தெரியாம. அதை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லிக் காட்டுவீங்க?" அவள் எழுந்துவிட்டாள். "நாள் பூரா அந்தத் தொட்டிக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கேன். நான் கிட்டப் போனாலே அதுங்க பாறைக்குள்ள போய் ஒளியுது. தீனி போடறவளைப் பார்த்து எந்த மீனாவது ஓடுமா?"

டாக்டர் தன் அறைக் கதவை இழுத்தார். கீல் கிறீச்சிட்டது. மூலையில் ஒண்டியிருந்த ஆறு மீன்களும் கதவுப் பக்கக் கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாத்தியா? வாயில்லா ஜீவன், அதுக்குக்கூட எஜமான் யாருன்னு தெரியுது. உனக்கு அந்த நன்றிகூட இல்ல. வெளியில வாங்கி வெச்சுக்கிட்டுப் போடறே. எங்கே, கைப்பையைத் திற."

அவள் பையைத் தலைகீழாகப் பிடித்து மேஜைமேல் உதறினாள். சீப்பு, பஸ் பாஸ், தலைவலி மாத்திரை, கழுவாத டிபன் டப்பா. வேறொன்றும் விழவில்லை.

"போதுமா? டிபன் டப்பாவையும் மோந்து பாக்கறீங்களா?"

டாக்டரின் முகம் சுண்டியது. கோபம் மட்டும் இறங்கவில்லை. "எங்கே ஒளிச்சியோ, அது உனக்கே வெளிச்சம். நாளையிலிருந்து நீ இங்க வர வேண்டாம். உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"நீங்க ஏன் சிரமப்படணும்? நானே சொல்லிக்கறேன். ஒரு வெளியாள் முன்னாடி என் பையைக் கொட்ட வெச்சதையும் சேர்த்தே சொல்றேன்."

அந்த வெளியாளை டாக்டர் உள்ளே வரச் சொன்னார். வேர் சிகிச்சைக்கு மூன்றாவது முறையாக வந்திருப்பவர். ஊசியைப் பார்த்தாலே வியர்த்துவிடும். உள்ளே டாக்டரின் கை பழக்கத்தில் வேலை செய்துகொண்டிருக்க, வாய் மட்டும் கதவைத் தாண்டி அவளைத் திட்டிக்கொண்டிருந்தது. டிராயர் படாரென்று சாத்தப்படும் சத்தம் கேட்டது.

அவள் கொட்டியதையெல்லாம் பைக்குள் அள்ளினாள்.

கதவு மறுபடி கிறீச்சிட்டது. ஊசி போட்ட இடம் முழுசாக மரத்துப் போகிறவரை உட்காருவதற்காகக் கன்னக்காரர் வெளியே வந்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நேரே தொட்டியிடம் போய், மூடியிருந்த கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி விரல்களை உரசினார். சிவப்புத் தூள் பரவியது. மீன்கள் மொய்த்துக்கொண்டன.

இன்னும் ஏதோ திட்டுவதற்காகப் பின்னாலேயே வந்த டாக்டர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "என்னய்யா போடறே அதுல? யார் குடுத்தா உனக்கு?" பிறகு வரவேற்பு மேஜையை முறைத்தார். "இவதானே?"

கன்னக்காரர் திருதிருவென்று விழித்தார். கோணிய வாயிலிருந்து சொல் மெல்லத்தான் வந்தது.

"நீங்கதான் டாக்டர்... ஊசி போட்டதும் பயம் தெளிய, மீனுக்குப் போடுங்கன்னு எல்லாருக்கும் ஒரு சிட்டிகை குடுப்பீங்களே."