மேட்டுப் பாதை, வழக்கம்போல்

"டீ கேட்டு அரை மணி நேரமாச்சு. இதெல்லாம் ஒரு தங்கற இடமா?" என்று சிடுசிடுத்தார் ஹெட்கிளார்க்.

"மெதுவாப் பேசுங்க. அந்தம்மா காதுல விழப்போகுது" என்றாள் மனைவி.

"விழணும்னுதான் பேசறேன்."

மலையேறப் போகிறேன் என்று ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தவர் அவர். நேற்று மேலேயிருக்கும் மலைக்குடிலில் பன்னிரண்டு பேரோடு தரையில் படுத்து எழுந்ததிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. காலையில் கிளம்பி அரை மைல் நடப்பதற்குள் முட்டியும் மக்கர் பண்ணியது. தார் ரோட்டில் வந்த பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து, மத்தியானமே இந்தப் பண்ணை வீட்டில் வந்து இறங்கியாயிற்று. "டவுன்லேருந்து வர்றீங்களா?" என்று பண்ணைக்காரம்மா கேட்டதற்கு, நடக்க முடியாத கதையை எதற்குச் சொல்வானேன் என்று ஆமாம் போட்டுவிட்டார்.

அந்தப் பண்ணைக்காரம்மாதான் இப்போது வாசலில் நின்றுகொண்டு விடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே பனிமூட்டம். பத்தடியில் இருக்கும் மாட்டுக்கொட்டகைகூடத் தெரியவில்லை.

மனைவி எழுந்து போனாள். "என்னம்மா ஆச்சு?"

"மேல் குடில்லேருந்து போன் வந்துதுங்க. காலையில கிளம்பின ரெண்டு பேர் இன்னும் கீழ இறங்கலையாம். புருஷன் பொண்டாட்டி. பாதை முடியறது நம்ம வீட்டுப் பின்னாலதான். யாரும் வரலைன்னு சொன்னதும் எங்க வீட்டுக்காரர் கயித்தை எடுத்துக்கிட்டு ரெண்டு மணிக்குத் தேடப் போனார். இப்ப அஞ்சாகுது. இவரையும் காணோம்." அவள் மணியை இன்னும் ஓங்கி அடித்தாள். "இந்த மணிச் சத்தத்தை வெச்சுத்தான் அவர் வழி கண்டுபிடிக்கணும். கையை எடுக்கப் பயமா இருக்குங்க. டீ போடலைன்னு தப்பா நினைக்காதீங்க."



உள்ளேயிருந்து ஹெட்கிளார்க் பொரிந்து தள்ளினார். "பொறுப்பில்லாத ஜென்மங்க! மலை என்ன இவங்க மாமனார் வீடா? இதுங்களுக்காக இன்னொருத்தர் உயிரைப் பணயம் வைக்கணுமா? இந்த மாதிரி ஆளுங்களை மலைப்பக்கமே விடக்கூடாது!"

மணிச் சத்தத்துக்கு நடுவே மனைவி உள்ளே தலையை நீட்டி மெதுவாகச் சொன்னாள்: "திட்டாதீங்க, பாவம்! நேத்து நம்ம பக்கத்துல படுத்திருந்தாங்களே, புதுசாக் கல்யாணமான ஜோடி, அவங்களா இருக்குமோ? அந்தப் பொண்ணு என்னமாச் சிரிச்சிட்டிருந்தா!"

நினைக்கும்போதே கண் கலங்கியது அவளுக்கு. மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "குடுங்க, நான் அடிக்கிறேன். நீங்க போய் வெந்நீர் வைங்க. வர்றவருக்கு வேணும்."

ஹெட்கிளார்க் வாசலுக்கு வந்தார். "எந்தப் பாதையாம்?"

"மேட்டுப் பாதைங்க. கிளம்பறப்ப குடில் நோட்டுல அப்படித்தான் எழுதிட்டுப் போயிருக்காங்களாம்" என்றாள் பண்ணைக்காரம்மா.

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் பனியைப் பார்த்தார். பிறகு, "எழுதிட்டு வேற வழியா எங்கயாவது போயிருக்கலாமில்ல?" என்றார்.

"அப்படி யாருங்க செய்வாங்க? எழுதின வழியிலதானே நாங்க தேடுவோம்? இந்த மலையில அந்த நோட்டுதான் உயிர்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. எரிந்து விழுகிற மனுஷனுக்கும் உள்ளே ஈரம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள் மனைவி. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கை கொப்பளிக்க மணி அடித்தாள். ஒருவழியாகக் கொட்டகைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது.

பண்ணைக்காரர்தான். உடம்பெல்லாம் சேறு. நெற்றியில் ரத்தக் கீறல். முழங்காலில் கால்சட்டை கிழிந்து தொங்கியது. பண்ணைக்காரம்மா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

நின்றபடியே வெந்நீரை மடமடவென்று குடித்தார் அவர். "சறுக்குப் பாறை வரைக்கும் பார்த்துட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போச்சு. ஓடைப் பக்கம்தான் பாக்கி. டார்ச்சுக்கு வேற பேட்டரி குடு. இன்னொரு தடவை போயிட்டு வந்துடறேன்."

"வேண்டாம்! இப்பவே ஒரு தடவை விழுந்துட்டு வந்திருக்கீங்க. இருட்ட வேற போகுது!"

"எப்படி விடறது? புது ஆளுங்கன்னா பயந்து பாதியில திரும்பியிருப்பாங்கன்னு இருந்துடலாம். இவங்க மலை தெரிஞ்சவங்க. 'மேட்டுப் பாதை, வழக்கம்போல்'னு எழுதிட்டுப் போயிருக்காங்களாம். தெரிஞ்சவங்களே வரலைன்னா எங்கயோ விழுந்து கிடக்கறாங்கன்னுதானே அர்த்தம்?"

மணியடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றுவிட்டது.

வழக்கம்போல். ஆபீஸில் எந்தக் காகிதம் வந்தாலும் ஓரத்தில் இவர் எழுதுகிற வார்த்தை. கல்யாணமான புதிதில் வெளியூரிலிருந்து இவளுக்குப் போட்ட கடிதத்தைக்கூட 'அன்பு வழக்கம்போல்' என்றுதான் முடித்திருந்தார்.

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

பண்ணைக்காரர் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலிக் கதவைத் திறந்தார். ஹெட்கிளார்க் தட்டுத்தடுமாறி எழுந்து ஓடி, சேறு படிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதீங்க." தலையைக் குனிந்துகொண்டார். "அந்த ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்."