மருமகளுக்கு ஒரு கிணறு

எண்ணெய்க் கிணறு கசிந்து வயல் கருகியதும், அதைத் தோண்டிய நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டவள் தில்லைநாயகி. மகள் இளவெயினியையும் அழைத்து வரும்படி நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஏனென்று புரியாமல், வகுப்பிலிருந்து அப்படியே கூட்டி வந்திருந்தாள்.

கூடப் பிறந்தவன் இல்லாத தில்லைநாயகிக்கு, மகளின் காதுகுத்தில் கைகொடுத்தவர் நிறுவனத்தின் மேலாளர் சுதர்சன். "நான் ஒனக்கு அண்ணன் இல்லையாம்மா?" என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். தாய்மாமன் சீராக அந்த எண்ணெய்க் கிணற்றையே குழந்தையின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். பந்தலே கைதட்டியது.

இன்று நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். "கிணறு கைமாறினால் குற்றமும் கைமாறும் என்பதுதான் இப்போதைய சட்டம். அது எங்கள் கிணறு அல்ல, கனம் நீதிபதி அவர்களே."

தில்லைநாயகி முன்வரிசைக்கு ஓடினாள். "அண்ணே, நீங்களே திருப்பி எடுத்துக்குங்கண்ணே!"

சுதர்சன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்: "குடுத்த சீரைத் திருப்பி வாங்குறது நம்ம வழக்கம் இல்லியேம்மா."

டவாலி வாசலில் நின்று குரல் கொடுத்தார். "எதிர்மனுதாரர் இளவெயினி!"

சீருடையில் இருந்த குழந்தை துள்ளி எழுந்து கையைத் தூக்கியது.

"உள்ளேன் ஐயா!"