இழுக்கிற இஞ்சின்

“நீங்க சொன்னபடியே ஆம்பளையாளைக் கூட்டிட்டு வந்துட்டேனுங்க. இப்ப இஞ்சினைக் காட்டுங்க” என்றாள் சௌந்திரம்.

மருதாசலம் கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். அவள் தோளில் ஒரு பையும் கக்கத்தில் துணி சுற்றிய கட்டை ஒன்றும் இருந்தன. பின்னால், காலி வெற்றிலைக் கூடையை இடுப்பில் அணைத்தபடி நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தயங்கித் தயங்கிப் படியேறினார்.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழைய இஞ்சின் விற்கிற கடை அது. போன வாரம் அவள் தனியாக வந்து, மருந்தடிக்கிற மெஷின் இஞ்சின், மரம் அறுக்கிற ரம்பத்து இஞ்சின் இரண்டின் சுழல்தண்டையும் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். “பொம்பளைங்களுக்கு இஞ்சின் குடுக்கறதில்லீங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்கிட்டத்தான் சண்டைக்கு வருவாங்க. ஆம்பளையாளைக் கூட்டிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பியது மருதாசலம்தான்.

இப்போது அவர் ஸ்டூலைத் துடைத்துக் கூடைக்காரருக்குப் போட்டார். “உக்காருங்கண்ணா. இஞ்சின் எதுக்குங்க, கொடிக்காலுக்கு மருந்தடிக்கவா?”

கூடைக்காரர் சௌந்திரத்தைப் பார்த்தார்.

“ஏரோபிளேனுக்குங்க” என்றாள் அவள். “கீழ நின்னு ரேடியோவுல ஓட்டறது. பதினோரடி ரெக்கை. எங்கப்பா லாரி பாடி கட்டற ஷெட்டுலயே நானே கட்டுனது. இதுவரைக்கும் ஸ்பிரிட்டுல ஓடற குட்டி இஞ்சின் வச்சுச் சின்ன பிளேன்தான் உட்டிருக்கறேன். பெட்ரோல் இஞ்சின் இதுதானுங்க மொதோ.”

கடையில் நின்ற லாரி டிரைவர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“சேலத்துல பிளேன் உடறவங்களும் இப்படித்தான் சிரிச்சாங்க. இத்தாம்பெரிசு தரையை உட்டு எந்திரிக்காதுன்னாங்க. அடுத்த மாசம் அவங்க முன்னாலயே எழுப்பிக் காட்டறேன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன்” என்றாள், குரலை உயர்த்தாமல்.

மருதாசலம் பதிலை ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தே சொன்னார். “அண்ணா, மருந்தடிக்கிற மெஷினோட இஞ்சின் போதுமுங்க. லேசு, சத்தமும் கம்மி. அந்த ரம்பத்து இஞ்சின் ஏற்காட்டு எஸ்டேட்ல மரம் அறுத்தது. முரட்டுச் சாமான், பொம்பளை கைக்கு அடங்காது. நீங்க என்ன சொல்றீங்க?”

“அவங்களையே கேளுங்க” என்ற கூடைக்காரர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

இப்படியும் ஒரு புருஷனா என்று மருதாசலத்துக்கு எரிச்சலாக வந்தது.

“எது லேசுன்னு நான் கேக்கலீங்க. எது இழுக்கும்னு பாக்கணும்” என்று சொல்லிவிட்டுச் சௌந்திரம் துணியைப் பிரித்தாள். உள்ளே அவளே செதுக்கிய ஒன்றரை அடி மர விசிறி. அதை மருந்து இஞ்சினில் முடுக்கி, இஞ்சினைக் கடையிலிருந்த சக்கரப் பலகையில் பூட்டி, பலகைக்கும் தூணுக்கும் நடுவே பையிலிருந்து எடுத்த ஸ்பிரிங் தராசை மாட்டினாள்.

“யாரும் பக்கவாட்டுல நிக்காதீங்க. வெசிறி ஒடஞ்சா அந்தப் பக்கந்தான் பறக்கும்.”

டிரைவர்கள் சிரிப்பை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். “பாத்துங்க” என்றார் கூடைக்காரர் அவளிடம்.

மருந்து இஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. தராசு முள் நாலு கிலோவில் போய் நின்றது.

“பிளேன் ஒம்பது கிலோ. அதுல பாதிக்கு மேல நல்லா இழுத்தாத்தான் எந்திரிக்கும். நாலு பத்தாதுங்க” என்று அதைக் கழற்றினாள்.

விசிறியை மாற்றி மாட்டிய ரம்பத்து இஞ்சின் ஆறு தடவை கயிற்றை இழுத்தும் பிடிக்கவில்லை. “நாந்தான் சொன்னேனே” என்று மருதாசலம் எழுந்து வந்து கயிற்றைப் பிடித்தார்.

“கயித்தை உடுங்க” என்றாள்.

அந்தக் குரலுக்கு அவர் கை தானாக விட்டுவிட்டது. அவள் பிளக்கைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மாட்டி மறுபடி இழுத்தாள். கடையே அதிர்ந்தது. எண்பத்து மூன்றாம் வருடக் காலண்டர் ஆணியிலிருந்து பறந்தது. பலகை தூணைப் பிடுங்குவதுபோல் முன்னால் முட்ட, முள் ஏழு கிலோவைத் தாண்டியது.

மருதாசலத்துக்குக் கடைசியாக ஒரு பிடி கிடைத்தது. கல்லா மேல் பாடிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டரில் இப்போது பாட்டு கேட்கவில்லை. “பாருங்கண்ணா, ரேடியோ கொரகொரங்குது. இதை ரேடியோ பிளேன்ல வச்சா எங்க போய் விழுமோ.”

நியாயமான கேள்விதான்; பிளக்கின் பொறி ரேடியோவைக் கெடுக்கும். சௌந்திரம் இஞ்சினை நிறுத்தி, பையிலிருந்து மெல்லிய கம்பி வலையை எடுத்துப் பிளக் ஒயரின் மேல் சுற்றி, நுனியை இஞ்சினோடு முறுக்கினாள். திரும்ப ஓடவிட்டு, டிரான்சிஸ்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து, சத்தத்தைக் கூட்டி மருதாசலத்தின் காதருகே பிடித்தாள்.

பாட்டு சுத்தமாகக் கேட்டது.

“இதையே எடுத்துக்கறேனுங்க” என்றாள். பேரம் பேசாமல் விலையைக் கொடுத்துவிட்டு, இஞ்சினைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்து ஒரு தலையாட்டலோடு படியிறங்கிப் போனாள்.

மருதாசலத்துக்கு மனசு ஆறவில்லை. “அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. சம்சாரத்தை இப்படி அவுத்து உடக் கூடாதுங்க. கொஞ்சம் கண்டிச்சு வையுங்க.”

கூடைக்காரர் அவசரமாக எழுந்தார். எதிரே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“கரூர் பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தவனை, கொஞ்ச நேரம் வந்து உக்காருங்கன்னு கூட்டியாந்தாங்க. அந்தம்மா பேருகூட எனக்குத் தெரியாதுங்க.”